வேலியோரச் சுண்டங்கத்தரி

கேள்வி: லயத்துக்குப் பின்னால் யாரும் நடாமலே சுண்டங்கத்தரி காடாகக் கிடக்கிறது. நம் ஊர்ச் செடிதானே என்றால், வெளிநாட்டுக் களை என்கிறான் மகன். யார் சொல்வது சரி? (பசறை வாசகி)

பதில்: மகன் சொல்வதுதான். அதற்காகக் கறிச்சட்டியை இறக்கிவிடாதீர்கள். இதன் சொந்த இடம் மத்திய அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும். 'சொலானம் டோர்வம்' என்று 1788இல் பெயர் வைத்தவர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற சுவீடன்காரர். இன்றைக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, பசுபிக் தீவுகள் என்று சூடும் மழையும் உள்ள இடமெல்லாம் பரவிவிட்டது. யாரும் நடவில்லை என்கிறீர்களே, நட்டது குருவியும் வௌவாலும்! பழத்தைத் தின்றுவிட்டு வேலியிலும் கிளையிலும் உட்கார்ந்து எச்சமிடும், அதிலுள்ள விதை அங்கேயே முளைக்கும், அதனால்தான் செடிகள் வேலியோரமாகவே நிற்கின்றன. அமெரிக்க மத்திய அரசு இதைத் தீங்கான களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. நாமோ சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கேள்வி: அப்படியென்றால் வெட்டிப் போடலாமா?

பதில்: வெட்டினால் மறுபடி தளிர்க்கும். காய் பழுக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். கைவிட்ட தேயிலை மலையிலும் மாடு மேயும் இடத்திலும் முட்புதராக அடைத்துக்கொள்ளும், அங்கே தயவு பார்க்காதீர்கள். வீட்டோரம் ஒன்றிரண்டு நிற்கட்டும், காரணம் இருக்கிறது. பச்சையாக நின்ற கத்தரிச் செடி திடீரென்று தலை தொங்கிச் சாகிறதா? தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாய் தெளிந்த தண்ணீரில் தொடும்படி கிளாசில் பிடியுங்கள். வெள்ளையாக இழை இழையாக ஏதோ இறங்கினால் அது பக்டீரியா வாடல் நோய், மருந்தடித்துத் தீராது, கிருமி மண்ணில் இருக்கிறது. சுண்டங்கத்தரி வேர் அந்தக் கிருமியை நன்றாகவே தாங்கும். அதனால்தான் அதன் நாற்றில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். வேர் முடிச்சுப் புழுவுக்கும் இந்த வேர் ஈடுகொடுக்கும். களை என்று திட்டுகிறவர்கள் இதைச் சொல்வதேயில்லை.

கேள்வி: கண்டங்கத்தரியும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. கண்டங்கத்தரி தரையோடு படரும், இலையெல்லாம் நேர் முள், ஊதாப் பூ, வரி போட்ட காய், பழுத்தால் மஞ்சள். அது நம் பக்கத்துச் செடிதான், தசமூலம் என்ற பத்து வேர் மருந்தில் சேர்வது. சுண்டங்கத்தரி ஆள் உயரம் தாண்டும், பூ வெள்ளை, காய் கொத்துக் கொத்தாக. அப்புறம், எதுவென்று நிச்சயமாகத் தெரியாத முட்செடியின் காயைச் சமைக்காதீர்கள். சுண்டங்கத்தரியே வழக்கத்தைவிடக் கடுமையாகக் கசந்தால் கொட்டிவிடுங்கள், ஜமேக்காவில் அப்படிச் சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரிவரை போயிருக்கிறார்கள்.