ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஜோடியை விற்காதீர்கள், சரிசெய்யுங்கள்

அப்பாவின் ஏஆர்-3ஏ (அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் பழைய மாடல்) ஸ்பீக்கரில் வூஃபரின் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) ஓரத்து ஃபோம் வளையம் உதிர்ந்துவிட்டது, ஒரு பக்க ட்வீட்டரில் (உயர்ந்த ஒலி தரும் சிறு பகுதி) சத்தமே இல்லை என்கிறீர்கள். தாராளமாகச் சரிசெய்யலாம். அந்தக் கால ஃபோம் இப்படித்தான் பொடியாகும்; வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும்.

ட்வீட்டர் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். பின்பக்கம் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் லெவல் குமிழ்களை இரு பக்கமும் பலமுறை திருகிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் விட்டுவிட்டு வந்தால், உள்ளே பொட்டென்ஷியோமீட்டரில் (அந்தக் குமிழ் திருப்பும் மின்தடை) களிம்பு ஏறியிருக்கும். இந்த மாடலில் அது சகஜம், சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம், யார் சொன்னாலும் வேறு 12 அங்குல வூஃபரைப் பொருத்திவிடாதீர்கள். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் வடிவமைப்பு இது. இதன் அசல் வூஃபர் போனால் இதன் பாஸும் (தாழ்ந்த ஒலி) போய்விடும்.