ஸ்கேன் நார்மல், வலி மட்டும் போகவில்லை

கேள்வி: என் அக்காவுக்கு 14 மாதம் முன்பு எடை குறைக்க பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. 38 கிலோ குறைந்துவிட்டாள். இப்போது சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றில் இடது பக்கம் முறுக்கிப் பிடிக்கிற மாதிரி வலி, பிறகு தானாகவே போய்விடுகிறது. ஸ்கேன் நார்மல். கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு டாக்டர் சி.டி. எடுக்கச் சொல்கிறார். கதிர்வீச்சு பயமாக இருக்கிறது, தேவைதானா? – திருச்சி வாசகி

பதில்: தேவைதான், தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சொல்லும் ஸ்கேன் அல்ட்ராசவுண்டாக இருக்கும். மளமளவென்று இளைத்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவது சகஜம், அதைப் பார்க்க அது போதும். ஆனால் குடலில் காற்று இருந்தால் ஒலி அலை அங்கேயே நின்றுவிடும், பின்னால் நடப்பது தெரியாது.

இந்த ஆபரேஷனில் இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலை மேலே இழுத்து அதில் இணைப்பார்கள். அப்போது குடலைத் தாங்கும் ஜவ்வில் சந்துகள் உண்டாகும். தைத்து மூடினாலும், எடை குறையும்போது ஜவ்வுக்குள் இருக்கும் கொழுப்பும் கரைவதால், அந்தச் சந்து மறுபடி திறந்துகொள்ளலாம். அதில் குடல் நுழைந்து சிக்குவதுதான் உள் ஹெர்னியா. சில நேரம் நுழைந்த குடல் தானே வெளியே வந்துவிடும், வலியும் நின்றுவிடும், நாமும் கேஸ் என்று விட்டுவிடுவோம். உங்கள் அக்காவுக்கு இதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் இதை முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சி.டி.யில் விசிறி மாதிரி விரிந்திருக்க வேண்டிய குடல் ரத்தக்குழாய்கள், ஆற்றுச் சுழி போலச் சுற்றிக்கொண்டு தெரியும். குடல் வெளியே வந்திருக்கும் நேரத்தில் எடுத்தால் அந்தச் சுழியும் இருக்காது! அதனால் முடிந்தால் வலி இருக்கும்போதே எடுங்கள். சி.டி.யும் நார்மல் என்று வந்து வலி தொடர்ந்தால், லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியே கேமராவை விட்டு) வைத்து உள்ளே பார்ப்பதுதான் வழி, ஆபரேஷன் செய்த சர்ஜனிடமே கேளுங்கள். கதிர்வீச்சு என்று பார்த்தால் வயிற்று சி.டி.க்கு சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட், இயற்கையிலேயே நமக்கு மூன்று நான்கு வருடத்தில் கிடைக்கிற அளவு. குடல் அழுகிப்போவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஸ்கேன் சென்டரில் "பைபாஸ் ஆகியிருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள், நம் ஊரில் பைபாஸ் என்றால் இதயம்தான்! டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள். ஒதுக்கிவிட்ட பழைய இரைப்பை உள்ளேயேதான் இருக்கும், விஷயம் தெரியாமல் பார்ப்பவர் அதில் நீர் நிறைந்திருந்தால் சீழ்க்கட்டி என்று நினைத்துவிடக்கூடும். சி.டி. படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள், பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். ஏதோ மருந்தைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கப் போகிறார்களாம். அப்பாவுக்கு அந்தக் காலத்தில் பேரியம் கொடுத்தார்கள், இவனுக்கு ஏன் வேறு? – மதுரை வாசகர்

பதில்: ஸ்லீவ் என்பது எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சுருக்கும் ஆபரேஷன். அந்தத் தையலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த எக்ஸ்ரே. பேரியமும் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் குடிக்கக் கொடுப்பதுதான், ஆனால் கசிந்தால் அது வயிற்றறைக்குள் தங்கிப் புண்ணாக்கிவிடும். தண்ணீரில் கரையும் மருந்தை உடம்பு உறிஞ்சி வெளியேற்றிவிடும், கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான். சின்னக் கசிவு இதில் தப்பிவிடுவதும் உண்டு. அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ, இடது தோளில் வலியோ வந்தாலோ, ராத்திரி எத்தனை மணியானாலும் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள், சி.டி. எடுக்க வேண்டியிருக்கும்.