அலையில் கைட்சர்ஃபிங்: ஸ்ட்ராப் உள்ள போர்டா, இல்லாததா?

கைட்சர்ஃபிங் என்றால் பெரிய பட்டம் (கைட்) இழுக்க, போர்டில் நின்று நீரில் ஓட்டுவது; ஸ்ட்ராப் என்பது போர்டில் பாதத்தை நுழைக்கும் பட்டை. அலை ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் ஸ்ட்ராப் இல்லாததையே எடுங்கள். பின்காலை ஃபின்களுக்கு (போர்டின் அடியில் பின்பக்கம் உள்ள துடுப்புகள்) நேர் மேலே வைத்தால் போர்டு சட்டென்று திரும்பும்; சற்று முன்னே நகர்த்தினால் வேகம் கிடைக்கும். ஸ்ட்ராப்பில் இப்படிக் காலை நகர்த்த முடியாது.

காற்று மணிக்கு 25 கடல் மைலைத் தாண்டி, தண்ணீரும் குலுக்கினால் நிலைமை வேறு: போர்டு காலைவிட்டு நழுவும். மொரீஷியஸின் 'ஒன் ஐ' போல ஆழமில்லாத பவளப்பாறைமேல் வேகமாக உடையும் அலையில் போர்டைத் தவறவிடுவது ஆபத்து. அங்கே ஸ்ட்ராப் கைகொடுக்கும். பாதம் பாதிவரை மட்டும் நுழையட்டும். ஆழமாகச் செருகினால் விழும்போது கணுக்காலும் முட்டியும் முறுக்கிக்கொள்ளும்.

ஸ்ட்ராப் இல்லையே என்று, போர்டை உடலோடு இணைக்கும் கயிறான லீஷைக் கட்டிவிடாதீர்கள். கைட் உங்களை இழுக்கும்போது போர்டு எகிறி வந்து தலையில் அடிக்கும். பாடி டிராக் செய்து, அதாவது கைட் உங்கள் உடலை நீரில் இழுத்துச்செல்ல விட்டு, போர்டை எடுக்கப் பழகுங்கள்.

ஸ்ட்ராப் மாட்டும் திருகுத் துளைகள் உள்ள போர்டாக வாங்கினால் இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம்.