டெய்லரிடம் போனது யார்?

கேள்வி: என் சிறுகதையில் நாயகிக்கு இரட்டை ஆளுமை. கடைசிப் பத்தியில்தான் அவளே கொலையாளி என்று உடைக்கிறேன். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. கதையை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு? – ஒரு வாசகர், தேனி.

பதில்: மூன்றாம் பத்தியில் உங்கள் நாயகி கண்ணாடி முன் நின்று குரலை மாற்றிச் சிரிக்கிறாள். கொலையாளி யாரென்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. 2005 ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்' என்று அடுத்தடுத்துப் பார்த்துத் தேறிய ஜனம் நாம். கங்கா கட்டிலைத் தூக்கியதற்கும், அம்பி முகத்தில் முடியைத் தொங்கவிட்டு அந்நியனாக நின்றதற்கும் கைதட்டியாகிவிட்டது. அதெல்லாம் கேமராவின் சொத்து. எழுத்தில் எடுபடாது.

இந்த வகைக்கே மூலம் என்று பலர் சொல்லும் ஸ்டீவன்சனின் ஜெக்கில்–ஹைட் கதையில் (1886) டாக்டர் முதலில் மருந்து குடித்துத்தான் மாறுகிறார். ஹைடாக ஆடிய ஆட்டமெல்லாம் அவருக்கு நினைவும் இருக்கிறது. ஆனால் இரட்டை ஆளுமை என்று நாம் சொல்லும் நிஜ நோயில் முக்கியமே மறதிதான். 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் 'பல ஆளுமை' என்ற பெயரையே கைவிட்டார்கள். உள்ளே நாலு பேர் குடித்தனம் செய்யவில்லை, ஒரே ஆள்தான் துண்டு துண்டாகிக் கிடக்கிறார் என்பது அவர்கள் பார்வை. பெரும்பாலும் சின்ன வயதில் பட்ட கொடுமை பின்னணியில் இருக்கும். மாறுவதும் பல நேரம் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. அப்புறம், இவர்கள் அடுத்தவரைக் கொல்லக் கிளம்புவதை விட, தங்களையே காயப்படுத்திக்கொள்வதுதான் அதிகம். (கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கத்தி சினிமாவிலிருந்து வந்தது.)

எங்கள் பெரியம்மாவுக்கு ஆடி மாதம் சாமி வரும். அதை நோய் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் சாமி மலையேறியதும், கற்பூரம் சுட்ட உள்ளங்கையைப் பார்த்து, "இது எப்பப்பா பட்டுச்சு?" என்று என்னைக் கேட்பார். அவர் ஆடிய ஆட்டம் எனக்கு மறந்துவிட்டது, அந்தக் கேள்வி மறக்கவில்லை.

உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், தான் வாங்காத மஞ்சள் புடவை ஒன்றை பீரோவில் பார்க்கிறாள். ரவிக்கை அவள் அளவுக்கே கச்சிதமாகத் தைத்து மடித்து வைத்திருக்கிறது. அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். கொலையைத் தூக்கிப் போடுங்கள். டெய்லரிடம் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தது யார் என்று அவள் தேடட்டும்.