கிளாஸ்கோ சந்துப் படம் அசல்தானா? சோதிக்கும் வழி

கேள்வி: கிளாஸ்கோ நகரத்துச் சேரிச் சந்து ஒன்றின் பழைய படத்தை ஏலத்தில் வாங்கினேன். ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் தாமஸ் அன்னன் எடுத்தது என்கிறார்கள். அடியில் 1868 என்று இருக்கிறது. ஆட்கள் புகைபோலத் தெரிகிறார்கள். அந்தக் காலத்து அச்சுதானா?

பதில்: புகை உருவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1866-இல் வந்த நகர மேம்பாட்டுச் சட்டப்படி இடிக்கவிருந்த சந்துகளை, 1868 முதல் 1871 வரை அன்னன் படமெடுத்தார். கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசல் பூசிய கண்ணாடித் தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வெயில் எட்டாத அந்த இடுக்கில் லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அசையாமல் நின்றவர் தெளிவாகப் பதிந்தார். ஓடிய குழந்தையும் காற்றில் ஆடிய துணியும் கரைந்துபோயின. இது நெகட்டிவிலேயே இருப்பதால், அதிலிருந்து எப்போது அச்சிட்டாலும் வரும். 1868 என்பதும் எடுத்த ஆண்டுதான். அச்சின் வயது வேறு.

வழி இதுதான். 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் இருண்ட பகுதியைப் பாருங்கள். அங்கேயும் காகித நார் தெரிந்து, வெளிர்ப் பகுதி மஞ்சளித்து, மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் அல்புமென் அச்சு, அதாவது முட்டை வெள்ளை பூசிய தாளில் எடுத்தது. முதலில் வந்தது இதுவே. இருளில் நார் மறைந்து, மஞ்சளிப்பும் இல்லாவிட்டால், டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடியுங்கள். இருண்ட இடங்கள் மேடாகத் தெரிந்தால் 1878-79 காலத்துக் கார்பன் அச்சு. நிறமி கலந்த ஜெலட்டின் இருளில் தடிப்பாக நிற்பதால் வரும் மேடு அது. ஒழுங்கற்ற நுண்மணிகளாக மை காகிதத்தில் ஊறியிருந்தால் ஃபோட்டோகிராவ்யூர், அதாவது படத்தைச் செதுக்கிய உலோகத் தகட்டில் மை பூசி அழுத்திய அச்சு. தாமஸ் இறந்தபின், மகன் ஜேம்ஸ் கிரெய்க் அன்னன் 1900-இல் வெளியிட்டது. படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் தெரியாது. வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் ஏதோ புத்தகத்தில் அச்சான பக்கம்தான், தயங்காமல் ஒதுக்கலாம்.

அல்புமென் என்று தெரிந்தால் அட்டையிலிருந்து உரிக்கவே வேண்டாம். அந்த மெல்லிய தாள் உடனே சுருளும், முட்டை வெள்ளைப் படலம் விரிசல் விடும். அட்டையில் இருக்கும் எழுத்தும் சான்றுதான். அதை வெட்டி எறிந்துவிட்டு வருந்துவோர் உண்டு. செல்லோடேப், ஈரத்துணி இரண்டும் ஆகாது. அமிலமற்ற உறையில், ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் அறையில், படுக்கையாக வையுங்கள். சுவரில் மாட்ட ஆசையென்றால் நகலெடுத்து மாட்டுங்கள். அல்புமென் வெளிச்சத்தில் இழந்த விவரம் திரும்பாது.