பைல்களை அடுக்க ஏஐ ஏஜென்ட் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் சின்னதாகக் கணக்கு எழுதும் அலுவலகம் நடத்துகிறேன். பில், பேங்க் ஸ்டேட்மென்ட், பான் கார்டு நகல் எல்லாம் ‘ஸ்கேன்001’, ‘ஸ்கேன்002’ என்ற பெயரில் குவிந்து கிடக்கின்றன. ஏஐ ஏஜென்ட் தானே படித்துப் பார்த்து, பெயர் மாற்றி, பார்ட்டி வாரியாகப் பிரித்து வைக்குமாமே? மாதச் சந்தா கட்டலாமா? ‘எதையும் அழிக்காதே’ என்று சொல்லிவிட்டால் போதும்தானே?

பதில்: கட்டலாம். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி இறங்காதீர்கள். அது வேண்டுகோள் மட்டும்தான். ஏஜென்ட் அதை மீறினால் தடுக்க வேண்டியது அனுமதி செட்டிங்.

டெலீட் செய்யாமலே பைல் காணாமல் போகும். 2025 ஜூலையில், கட்டளை எழுதி வேலை வாங்கும் கூகுளின் ஏஐ கருவியான ஜெமினி சிஎல்ஐயைப் பயன்படுத்திய ஒருவர் தனக்கு நேர்ந்ததை வெளியிட்டார். பைல்களைப் புது ஃபோல்டருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். ஃபோல்டர் உருவாகவே இல்லை. உருவாகிவிட்டதாக ஏஜென்ட் எடுத்துக்கொண்டது. விண்டோஸில் இல்லாத ஃபோல்டருக்கு ஒரு பைலை ‘மூவ்’ செய்தால், அந்த ஃபோல்டரின் பெயர் பைலுக்கு வந்துவிடும். அடுத்த பைலுக்கும் அதே பெயர், முந்தையதன் மேலேயே. இப்படி வரிசையாகக் கடைசி பைலைத் தவிர எல்லாம் அழிந்தன. உங்கள் ஸ்கேனர் தினமும் ‘ஸ்கேன்001’ என்றே தொடங்குமானால் உங்களுக்கும் இதே ஆபத்துதான்.

அதனால் பணம் கட்டும் முன் விற்பவரிடம் கேளுங்கள்: ஏஜென்டை ஒரே ஃபோல்டருக்குள் அடைத்து வைக்க முடியுமா? அதே பெயரில் பைல் இருந்தால் நிறுத்துமா, மேலேயே எழுதுமா? எம்சிபி (ஏஐயை மற்ற மென்பொருட்களோடு இணைக்கும் பொது முறை) வழியாகக் கிடைக்கும் இலவச ஃபைல்சிஸ்டம் சர்வரை, அதாவது ஏஜென்டுக்காகப் பைல்களைக் கையாளும் இணைப்பு மென்பொருளை, உதாரணமாகப் பாருங்கள். நாம் காட்டிய ஃபோல்டரைத் தாண்டாது, அழிக்கும் கருவியே அதில் கிடையாது, போகும் இடத்தில் அதே பெயர் இருந்தால் மூவ் நின்றுவிடும் என்கிறது அதன் விளக்கக் குறிப்பு; நம்பும் முன் சோதித்துப் பாருங்கள். ஆனால் அதிலும் எழுதும் கருவி பழைய பைலின் மேல் எழுதிவிடும். அதை அணைத்து வையுங்கள். கம்ப்யூட்டருக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் டெர்மினலின் அனுமதியை மட்டும் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மேலே சொன்ன கட்டுப்பாடு எதுவும் செல்லாது, அங்கே அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதி கேட்கும் வசதி நல்லதுதான். ஆனால் ஐம்பதாவது முறை யாராக இருந்தாலும் படிக்காமல் ‘சரி’ அழுத்திவிடுவார்கள். பழைய பெயர், புதுப் பெயர், போகும் இடம் என்று முதலில் பட்டியல் மட்டும் போடச் சொல்லுங்கள். பார்த்துத் திருத்திய பிறகு வேலையைத் தொடங்கட்டும். தப்பு நடந்தால் திருப்பி வைக்கவும் அந்தப் பட்டியல் உதவும்.

ஒரு மாத பைல்களின் நகலில் மட்டும் சோதியுங்கள். மூலத்தை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒயரைக் கழற்றி வையுங்கள். ட்ரைவில் சிங்க் ஆகிறதே என்று இருந்துவிட வேண்டாம். இங்கே அழிந்தது அங்கேயும் அழியும்.

அப்புறம், பெரும்பாலான ஏஜென்ட்கள் பைலைப் படிக்க அதை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகின்றன. பார்ட்டிகளின் பான், ஆதார் நகல்களை ஏஜென்டுக்குக் காட்டாத வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து வந்த பிடிஎஃப்பில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஏஜென்டுக்குக் கட்டளை ஒளிந்திருக்கவும் கூடும். அதன்படி பைல்களை வெளியே அனுப்பிவிடாமல் இருக்க, அடுக்கும்போது ஏஜென்டின் மெயில் இணைப்பைத் துண்டித்து வையுங்கள்.

வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி காட்டுவார்கள். ஒரு மாதம் மட்டும் கட்டி, ஆட்டோபேயை அன்றே நிறுத்திவிடுங்கள்.