விசா கைக்கு வரும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர், காரைக்குடிப் பக்கம், 60 நாள் விசிட் விசாவில் துபாய் வந்து 23 நாள் ஆகிறது, தேராவில் பெட் ஸ்பேஸில், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். அல் கூஸில் ஒரு கராஜில் ஆள் எடுக்கிறார்கள். அங்குள்ள மேனேஜர், "நாளைக்கே வேலைக்கு வந்துவிடு, விசா பின்னாலேயே வரும். விசாச் செலவு 4,000 திர்ஹாம், சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார். போகலாமா, இல்லை ஊருக்குத் திரும்பிப் போய் வேலை விசாவில்தான் வர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு வேலைக்கும் போகாதீர்கள்.

நான் 2008இல் இதே மாதிரி விசிட்டில் வந்தவன். ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊரில் வளைகுடா போனவரைச் சபுராளி என்பார்கள். ஊரில் பாதி வீடு சபுராளி வீடு, அதனால் விசிட்டில் போய் மாற்றிக்கொள்வது எனக்குப் புது விஷயமாகவே தெரியவில்லை. கம்பெனி கிடைத்தது. ஆனால் விசா வருவதற்குள் விசிட் முடிந்துவிட்டதால் ஈரானில் இருக்கும் கிஷ் தீவுக்குப் போய்க் காத்திரு என்றார்கள். விமானத்தில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஒரு அறைக்கு ஆறு பேர். துபாயிலிருந்து விசா வந்தவர்களின் பெயரை ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு தாளில் எழுதி ஒட்டுவார்கள். சாயங்காலமானால் எல்லாரும் அந்தத் தாளுக்கு முன்னால்தான் நிற்போம். என் பெயர் வரவே இல்லை. பதினேழாவது நாள் பக்கத்து அறைப் பையன், "இந்தப் பெயர் ரெண்டு நாளாக இருக்கிறதே, இது யார்?" என்று கேட்டான். பார்த்தால் என் அப்பாவின் பெயர்! நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தானே சர்நேம். விசா வந்தது தெரியாமல் இரண்டு நாள் கூடுதலாகத் தீவில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இப்போது கிஷ்ஷெல்லாம் வேண்டாம். நாட்டுக்குள்ளேயே ஸ்டேட்டஸ் சேஞ்ச், அதாவது விசிட்டிலிருந்து வேலை விசாவுக்கு மாற்றம், செய்துகொள்ளலாம். அதற்குத் தனியாக ஒரு கட்டணம் உண்டு, அதைக் கட்ட வேண்டியது கம்பெனி. வரிசை எப்படி என்று சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால் அந்த மேனேஜர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது உங்களுக்கே புரியும்.

முதலில் ஆஃபர் லெட்டர். கம்பெனி லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுப்பது வெறும் தாள். மொஹ்ரே என்கிற மனிதவள அமைச்சகத்தின் சிஸ்டத்திலிருந்து வருகிற, பார்கோடு உள்ள ஆஃபர் லெட்டர்தான் கணக்கு. அது அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், மூன்றாவதாகத் தொழிலாளிக்குப் புரிகிற ஒரு மொழியிலும் கேட்டு வாங்கலாம். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. கேட்டால் கம்பெனிக்காக விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டர்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, கேளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு கம்பெனி ஒர்க் பெர்மிட்டுக்குப் போடும். அது கிடைத்ததும் வேலைக்கான என்ட்ரி பெர்மிட், அப்புறம் ஸ்டேட்டஸ் சேஞ்ச். அதற்கு மேல்தான் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, ரெசிடென்சி எல்லாம். முன்பு பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். 2022இலிருந்து அது இல்லை, ஐடி கார்டேதான் ரெசிடென்சிக்கு அடையாளம். ஆகவே "பாஸ்போர்ட்டைக் கொடு, ஸ்டாம்பிங் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது வாங்கி வைத்துக்கொண்டால் சந்தேகப்படுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது சட்டப்படி தப்பு.

மெடிக்கலில் ரத்தமும் மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். எச்.ஐ.வி.யும் காசநோயும் பார்ப்பார்கள். சின்ன வயதில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர் என்றால், கம்பெனி பணம் கட்டும் முன்பே ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது உங்கள் மேனேஜர் சொன்னதற்கு வருவோம். மேலே சொன்ன வரிசையில் ஒர்க் பெர்மிட் வந்து ஸ்டேட்டஸ் சேஞ்ச் முடியும் முன்பு நீங்கள் அந்த கராஜில் ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் அது சட்டவிரோத வேலை. சம்பளம் வாங்கவில்லை, சும்மா ட்ரையல் பார்க்கிறோம் என்றாலும் அப்படித்தான். இன்ஸ்பெக்ஷன் வந்தால் உங்களை நாடு கடத்தலாம், திரும்ப வர முடியாதபடி தடையும் விழலாம். கம்பெனிக்கும் சும்மா இல்லை: 2024இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்தால் அபராதம் ஒரு லட்சம் திர்ஹாமிலிருந்து பத்து லட்சம் வரை. அவ்வளவு அபராதம் இருந்தும் நாளைக்கே வா என்கிறார் என்றால், அவருக்கு உங்கள் காலண்டர் தெரியும் தம்பி. விசிட் முடிய முடிய நீங்கள் எதற்கும் தலையாட்டுவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

என் பழைய ரூமில் ஒரு பையன் இருந்தான். பெயின்ட் ஷாப்பில் விசிட்டிலேயே ஐந்து வாரம் வேலை பார்த்தான். விசா இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். ஒரு நாள் கிரைண்டிங் டிஸ்க் உடைந்து விரலில் பட்டது. இன்சூரன்ஸ் இல்லை, ஏனென்றால் அந்தக் கம்பெனியின் எந்தக் காகிதத்திலும் அவன் பெயரே இல்லை. தையல் போட்ட பில்லை ரூமில் இருந்த எட்டு பேரும் சேர்ந்து கட்டினோம். ஐந்து வாரச் சம்பளத்தை எங்கே போய்க் கேட்பது? கேட்டால் முதலில் அவன்தானே மாட்டுவான். கைக்கட்டோடு ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

4,000 திர்ஹாம் விஷயம். ஆளெடுக்கிற செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டமே சொல்கிறது. சம்பளத்தில் பிடிப்பதும் அதில் அடக்கம். நடைமுறையில் நம் ஆட்கள் பலர் கொடுத்துவிட்டுத்தான் சேர்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பெர்மிட் வரும் முன் கொடுத்து, பணமும் போய் வேலையும் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இதில் என் பேச்சைக் கேளுங்கள், ஒரு திர்ஹாம்கூட வேண்டாம்.

ஆஃபர் லெட்டரில் இரண்டு இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். ஒன்று, பேசிக் சம்பளம். மொத்தம் 2,500 என்று வாயில் சொல்லிவிட்டு, பேசிக் 800, மீதி அலவன்ஸ் என்று போடுவார்கள். வேலையை விடும்போது கடைசியில் வரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து வருஷம்வரை, ஒவ்வொரு வருஷத்துக்கும் 21 நாள் பேசிக். 800க்கும் 1,500க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இன்னொன்று, பதவியின் பெயர். டெக்னீஷியன் என்று போட்டால் உங்கள் டிப்ளமோ சான்றிதழுக்கு அட்டஸ்டேஷன், அதாவது உண்மைதான் என்று அரசு முத்திரை, கேட்பார்கள்: ஊரில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக இங்கே வெளியுறவு அமைச்சகம். நாள் பிடிக்கும் வேலை. அதைத் தவிர்க்க ஹெல்பர் என்று போட்டுத் தள்ளிவிடுகிற கம்பெனிகள் உண்டு. சான்றிதழ் இன்னும் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது என்றால் இன்றைக்கே வீட்டுக்கு போன் செய்து வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இந்தக் கம்பெனி இல்லாவிட்டாலும் அடுத்ததற்கு உதவும்.

நீங்கள் டிப்ளமோ என்பதால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி தேவை என்ற குறிப்பு, இருக்காது. உங்கள் ரூமில் பத்தாவது முடிக்காமல் வந்தவர் யாராவது இருந்தால் அவர் கதை வேறு. ஈசிஆர்காரர் அமீரகத்துக்கு வேலைக்கு வர எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். விசிட்டில் வந்து மாறினால் அந்தப் பதிவும் அதோடு வரும், வெளிநாட்டுத் தொழிலாளிக்கான பிரவாசி காப்பீடும் இல்லாமல் போய்விடும். அவர் வேலை விசாவை ஊரில் வாங்கி வருவதே நல்லது.

உங்களுக்கு 37 நாள் இருக்கிறது. விசா எடுத்துக்கொடுத்த ட்ராவல்ஸ்காரர் சொன்ன தேதியை நம்பாமல், துபாய் விசா என்றால் துபாய் குடிவரவுத் துறையான ஜிடிஆர்எஃப்ஏ தளத்தில், வேறு எமிரேட் விசா என்றால் அமீரகக் கூட்டாட்சித் துறையான ஐசிபி தளத்தில் பாஸ்போர்ட் நம்பர் போட்டுக் கடைசித் தேதியைப் பாருங்கள். முன்பு இருந்த பத்து நாள் சலுகையை எடுத்துவிட்டார்கள். தாண்டினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம். நாள் தாண்டினால் ட்ராவல்ஸ்காரர் தன் தலை தப்பிக்க உங்கள் மேல் ஆப்ஸ்காண்டிங், அதாவது ஆள் தலைமறைவு என்ற புகார், போட்டுவிடலாம். அது விழுந்தால் ஸ்டேட்டஸ் சேஞ்ச் பேச்சே இல்லை.

நாளைக்கு மேனேஜரிடம் சண்டை போடாதீர்கள். "மொஹ்ரே ஆஃபர் லெட்டர் போடுங்கள் சார், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், பெர்மிட் வந்து ஸ்டேட்டஸ் சேஞ்ச் முடிந்த அன்றைக்கே வருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையான கம்பெனி என்றால் பாஸ்போர்ட் காப்பியும் போட்டோவும் கேட்பார்கள். கம்பெனிக்கு ஆளெடுக்க அனுமதித்த எண்ணிக்கையான கோட்டா இருந்து, காகிதம் ஒழுங்காக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். பத்து நாளில் ஆஃபர் லெட்டர் வரவில்லையென்றால் அந்த கராஜை மறந்துவிட்டு வேறு இடம் பாருங்கள். ராஸ் அல் கோரிலும் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலும் கராஜுக்குப் பஞ்சமில்லை. லெட்டர் வந்தால் கையெழுத்துப் போடும் முன் பேசிக், பதவி இரண்டையும் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.